வாசல்வாசி

எங்கள் ஊரில், உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் ஒரு வாசற்படியில் இருபது நிமிடம் நிற்பவர்களுக்கு நகராட்சி அந்த வாசற்படியையே முகவரியாகப் பதிந்து கொடுத்துவிடும். எனக்குப் பதிந்தது பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு. கடைவீதி, நாற்பத்தொன்றாம் எண், குலசேகரன் ஆப்டிகல்ஸ்.

என் பெயர் தணிகாசலம். கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுப்பது தொழில். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்த பவர் சரிதானா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஒருவரை மூன்று முறை பரிசோதிப்பேன். நாலாவது முறைக்கு வீடு தேடிப் போவேன். ஒரு தலைமையாசிரியரின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. தட்டு மாற்றுவதற்கு முன் அவரை ஓரமாக உட்கார வைத்து, இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, வாழைமரத்தில் எழுத்து அட்டையை மாட்டிப் படிக்கச் சொன்னேன். பவர் சரியாக இருந்தது. எல்லோருக்கும் எப்போதும் சரியாகவே இருந்தது. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

குலசேகரன் முதலாளி இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் தன் கடைக்குத் தலைமைப் பரிசோதகராக வரும்படி ஆள் அனுப்பியிருந்தார். பத்தரைக்கு வரச் சொன்னார்கள். பத்தரைக்கு வந்தேன். அங்கே ஆள் நெருங்கினால் தானாகத் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு. அது திறந்தது. உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஏழு பேர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். இவர்களுக்குத் தலைமை தாங்க எனக்கு என்ன தெரியும் என்று ஒரு காலைப் பின்னால் எடுத்தேன். கதவு மூட வந்தது. பழைய கடையிலேயே ஆயுசு போய்விடுமோ என்று காலை முன்னால் வைத்தேன். கதவு திறந்தது. எழுந்து நின்ற ஏழு பேரும் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். இப்படி இருபது நிமிடம் போனது.

வாசல் ஆய்வாளர் எஸ்தர் மேடம் எதிர்ச்சாரியில் குடை பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நேரம் முடிந்ததும் குடையை மடக்கிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். நீல மையா, கறுப்பு மையா?"

நான் இரண்டு பேனாவையும் பார்த்தேன்.

"அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க," என்றார். "இனிமே நீங்க இங்கதானே இருப்பீங்க."

வாசலில் குடியிருப்பது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை. மூன்றாம் நாள் காஸ் சிலிண்டர் வந்தது. ரேஷன் அட்டை புது முகவரியோடு வந்தது. அக்கா வந்து ஒரு பாயும் இரண்டு வேட்டியும் ஒரு குடமும் வைத்துவிட்டு, "மழை பெஞ்சா உள்பக்கமா சாஞ்சுக்கடா," என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளியும் நல்ல மாதிரி. "ஏ.சி. வெளிய போகுது தம்பி, கொஞ்சம் ஒல்லியா நில்லுங்க," என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

நான் பக்கவாட்டில் நிற்பேன். இடது பாதி ஏ.சி.யிலும் வலது பாதி வெயிலிலும் இருக்கும். இரண்டு மாதத்தில் வலது பக்கம் நன்றாகக் கறுத்துவிட்டது. ஜலதோஷம் பிடித்தால் இடது மூக்கில் மட்டும் பிடித்தது.

தொழிலையும் விடவில்லை. எதிர்ச்சாரி மருந்துக்கடைச் சுவரில் எழுத்து அட்டையை மாட்டச் சொல்லி, வருகிறவர்களை என் பக்கத்தில் நிறுத்திப் படிக்க வைத்தேன். நடுவில் லாரி குறுக்கிட்டால் அதன் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார்கள். அதையும் சேர்த்துக்கொண்டு பவர் எழுதினேன். நாலாவது முறை பரிசோதிக்க யார் வீட்டுக்கும் போக முடியாததால் அவர்களே நாலு முறை வந்தார்கள்.

வாசலைக் காலி செய்யவும் வழி இருந்தது. செவ்வாய்தோறும் எஸ்தர் மேடம் ஒன்பதாம் நம்பர் டவுன் பஸ்ஸில் பத்து இருபத்தைந்துக்கு வந்து இறங்குவார். அவர் முன்னால் 'உள்ளே' என்றோ 'வெளியே' என்றோ ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் ஏழு வரை எண்ணுவார். அதற்குள் அந்த வார்த்தைக்கு வால் முளைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் வாரம் நான், "வெளியே," என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

"...னு நினைக்கிறேன்."

"வால்," என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம், "உள்ளே," என்றேன். ஐந்து வரை வந்துவிட்டார். "எதுக்கும் ஒருதடவை முதல்லேருந்து எண்ணுங்க மேடம்," என்றேன். அதுவும் வால். இன்னொரு வாரம் நான் எதுவுமே பேசவில்லை, ஆறு எண்ணும்போது தொண்டையை மட்டும் கனைத்தேன். மேடம் கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "வால், சிறியது," என்று எழுதினார். பதினோரு செவ்வாய் இப்படிப் போயின. எஸ்தர் மேடம் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. பதினோராவது வாரம் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் முன்பக்கப் படிக்கட்டில் குமுதவல்லி குடியிருந்தாள்.

அவளுக்குப் பதிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதில் அவள் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று மணிக்கூண்டு ஸ்டாப்பில் ஓர் அறையைப் பார்க்கப் போயிருக்கிறாள். நம்மிடம் யார் கற்றுக்கொள்ள வருவார்கள் என்று படிக்கட்டில் நின்று யோசித்திருக்கிறாள். அங்கே ஒரு ஊர்வலம் குறுக்கிட்டு, பஸ் இருபத்திரண்டு நிமிடம் நின்றுவிட்டது. மேல்படி, கீழ்ப்படி, பிடித்துக்கொள்ளும் கம்பி மூன்றும் அவள் முகவரியில் வந்தன. தேர்தலன்று பஸ் எந்த வாக்குச்சாவடிக்கு முன்னால் நின்றதோ அங்கே ஓட்டுப் போட்டாள். கம்பியில் நூலைக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்து குஞ்சம் பின்னுவாள். ஒரு ஸ்டாப்பில் சேலையைக் கொடுப்பார்கள், மூன்று நாள் கழித்து வேறொரு ஸ்டாப்பில் வாங்கிக்கொள்வார்கள்.

பஸ் ஒரு நாளைக்கு ஆறு முறை கடை முன்னால் நிற்கும். ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி.

"உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கே," என்றாள் அவள். இதுதான் எங்கள் முதல் பேச்சு.

"அந்தப் பக்கம் வெளியே," என்றேன்.

விசில் ஊதிவிட்டார்கள். என்ன பதில் சொல்வது என்று யோசித்ததிலேயே முப்பத்தைந்து விநாடி போயிருந்தது.

அதன் பிறகு நான் பேச்சைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன். ஒன்பது ஐந்து வண்டியில் ஒரு கேள்வி கேட்டால் பத்து இருபத்தைந்து வண்டியில் பதில் வரும். "உங்களுக்கு டீயா காபியா?" என்று ஒரு காலையில் கேட்டேன். பத்து இருபத்தைந்துக்கு, "டீன்னு நினைக்கிறேன்," என்றாள். பன்னிரண்டு பத்துக்கு, "எனக்கும் டீயாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்," என்றேன். மூன்று நாற்பதுக்கு அவள் நாற்பது விநாடியும் சிரித்தாள். அந்த வாரம் என் வலது பாதியில் வெயிலே உறைக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் குலசேகரன் முதலாளி வாசலுக்கு வந்து என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, கதவை மாத்தலாம்னு இருக்கேன். சுத்துற கதவு. நாலு கண்ணாடி, நடுவுல ஒரு தண்டு. ஏ.சி. வெளிய போகாது. உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?"

"இல்லைன்னு நினைக்கிறேன்," என்றேன்.

ஒரு வியாழக்கிழமை ஆட்கள் வந்து பொருத்தினார்கள். பாய், குடம், சிலிண்டர் எல்லாவற்றையும் என்னோடு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே உள்ள கால்வட்டத்துக்குள் ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தார்கள். கதவில் மோட்டார் இருந்தது. ஒரு சுற்றுக்கு ஏழு விநாடி. கடை திறந்தால் நான் சுற்ற ஆரம்பிப்பேன். தெரு, கண்ணாடி, கடை, கண்ணாடி, தெரு. நகராட்சியில் முகவரியைத் திருத்தி '41, சுழல்' என்று போட்டார்கள். தபால்காரர் ஒரு சுற்றில் கடிதத்தைக் கொடுத்து அடுத்த சுற்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். முதல் இரண்டு நாள் தலை சுற்றியது. பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கதவை நிறுத்தினால்தான் தலை சுற்றியது. கறுத்த பக்கமும் வெளுத்த பக்கமும் கலந்து நான் ஒரே நிறமானேன்.

அந்தக் கதவில்தான் அந்த விஷயம் ஆரம்பித்தது. உள்ளே வருகிறவர்கள் என் கால்வட்டத்தில் ஏறிக்கொண்டால் அரைச் சுற்று என்னோடு வருவார்கள். மூன்றரை விநாடி. ஒரு பெண்மணி இரண்டு ஃபிரேம்களைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, கறுப்பா பிரவுனா?" என்று கேட்டார். யோசிக்க ஆரம்பித்தால் அவர் இறங்கிவிடுவார். "கறுப்பு," என்றேன். அவர் இறங்கிவிட்டார். வால் முளைப்பதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் அவர் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பேத்திக்கு ரெண்டு பேர் பாத்து வெச்சிருக்கோம். ஒண்ணு..."

"ரெண்டாவது," என்றேன்.

பெயரைக் கேட்கக்கூட நேரமில்லை. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. செய்தி பரவியது. பத்து நாளில் கடைவீதியில் வரிசை நின்றது. டோக்கன் கொடுத்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் வந்தார்கள். போர் போடட்டுமா, தென்மேற்கிலயா வடகிழக்கிலயா? வடகிழக்கு. மீசை? எடுங்க. மாப்பிள்ளை துபாய் கூப்பிடறார், போகட்டுமா? வேண்டாம். மச்சினனோட பேசலாமா? இன்னிக்கே பேசுங்க. ஒருவர் தன் ஆட்டையும் அழைத்து வந்து, விற்கட்டுமா என்று கேட்டார். நான் ஆட்டைப் பார்த்தேன், ஆடு என்னைப் பார்த்தது. "கூடாது," என்றேன். இருவரும் உள்ளே இறங்கி, கடைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு அடுத்த கால்வட்டத்தில் வெளியே போனார்கள். மாலைக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். அத்தனை பேருக்கும் சொன்னேன், ஒருவருக்கும் வால் வைத்துச் சொல்லவில்லை. கேட்டவர்கள் ஜிலேபியும் அதிரசமும் கொண்டுவந்து சுற்றுக்கு ஒன்றாக நீட்டினார்கள். எனக்கு ஒரே குதூகலமாக இருந்தது. சுற்றிக்கொண்டே சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் மேடம் வந்து, "நீங்க சார்? உள்ளேயா வெளியேயா?" என்று கேட்டால் மட்டும், "வெளியேன்னுதான் தோணுது," என்பேன். மேடம் எழுதிக்கொள்வார். அவரும் எப்போதாவது டோக்கன் வாங்கிக்கொண்டு, ஓய்வு பெற்ற பின் எங்கே வீடு கட்டலாம் என்று கேட்டுவிட்டுப் போவார்.

குமுதாவோடு பேசுவது மட்டும் சிரமமாகிவிட்டது. நாற்பது விநாடியில் நான் ஆறு தடவைதான் தெருப்பக்கம் வருவேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு துண்டு சொல்ல வேண்டும். ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, மூன்று நாற்பது வண்டியில் அவள் கையில் நூல் இல்லை.

"புதன்கிழமை..." என்றாள். கடை.

"படிக்கட்டை அறுத்து எடுக்கறாங்க..." கடை.

"புது மாதிரி கதவாம், தானா மூடிக்குமாம்..." கடை.

"பழைய படிக்கட்டையெல்லாம் குடோன்ல வைக்கறாங்க..." கடை.

"நானும் அதோடதான்..." கடை.

"மலைக்கு அந்தப் பக்கம்." கடை.

அடுத்த சுற்றில் பஸ் இல்லை. அதற்கு அடுத்த சுற்றில் ஒருவர், மாடி ஏற்றலாமா வேண்டாமா என்று கேட்டார். நான் முதன்முறையாக ஒருவருக்குப் பதில் சொல்லவில்லை. அவர் என்னோடு நாலு சுற்று சுற்றிவிட்டு, பரவாயில்லை என்று இறங்கிப் போனார்.

ஐந்தரை வண்டியில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். துண்டு துண்டாகத்தான் கேட்டேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள உனக்குச் சம்மதமா என்பதற்கு ஐந்து சுற்று ஆனது. ஆறாவது சுற்றில் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். சம்மதம் என்று நினைத்தேன். வேறு மாதிரியும் இருக்கலாம் என்றும் நினைத்தேன். கடை மூடும்வரை அந்த முகத்தை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

மறுநாள் செவ்வாய். அன்றைக்கு விட்டால் எஸ்தர் மேடம் அடுத்த வாரம்தான் வருவார், அதற்குள் படிக்கட்டு மலையைத் தாண்டியிருக்கும். ஒன்பது ஐந்து வண்டி வந்து நின்றதும் நான் கைகளைக் குவித்துக் கத்தினேன்.

"பத்து இருபத்தஞ்சுக்கு நானே வந்து ஏறிக்கறேன்!"

வால் வரத்தான் வந்தது. அதற்குள் கதவு சுழன்றுவிட்டதால் அது கடைக்குள் போய் விழுந்தது.

"...னு நினைக்கிறேன்."

"என்ன நினைக்கறீங்க தம்பி?" என்று கேட்டார் குலசேகரன் முதலாளி. அவர் கணக்கு மேசையில் இருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

தெருப்பக்கம் வந்தபோது குமுதா ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். 'வேணாம்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. வண்டி போய்விட்டது.

ஒரு மணி இருபது நிமிடம் நான் அந்த 'வேணாம்' என்ற வார்த்தையோடு சுற்றினேன். கதவு அறுநூற்றுச் சொச்சம் முறை சுற்றியிருக்கும். கல்யாணம் வேண்டாமா, வர வேண்டாமா, வேறு ஏதாவது வேண்டாமா? கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தென்னை வைங்க. வழக்கை வாபஸ் வாங்குங்க. சின்னவளுக்கே குடுங்க. வாய் தன்பாட்டுக்குச் சொன்னது.

பத்து இருபத்தைந்துக்கு பஸ் வந்தது. எஸ்தர் மேடம் இறங்கிக் குடையை விரித்து, கதவுக்கு ஒரு அடி தள்ளி நின்றார்.

"உங்களுக்கு எப்படி சார்? உள்ளேயா வெளியேயா?"

நான் அப்போது கடைப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்க் கண்ணாடியில் ஒருவர் நின்றிருந்தார். முப்பத்துநாலு வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு அதிரசம். வெகுநேரம் வரிசையில் நின்றவர் போலச் சோர்ந்திருந்தார். டோக்கன் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே கேள்வி தெரிந்தது: நான் போகட்டுமா? மூன்றரை விநாடிதான் இருந்தது.

"வெளியே," என்றேன்.

"ஒண்ணு," என்றார் எஸ்தர் மேடம்.

அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'போய் அங்கே அவள் வேண்டாம் என்றால்?' என்று அவருக்கு அடுத்த கேள்வி இருந்தது தெரிந்தது. ஒருவருக்கு ஒரு கேள்விதான். அது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்த விதி.

"நாலு, அஞ்சு..."

அவர் வாயைத் திறந்தார். கண்ணாடி நகர்ந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. நல்ல மனிதர்தான், சொன்னால் புரிந்துகொள்வார் என்று தோன்றியது.

"ஏழு," என்றார் மேடம். அந்த நேரத்துக்கு என் கால்வட்டம் தெருப்பக்கம் வந்து திறந்தது. நான் கீழே இறங்கினேன். மேடம் என் உள்ளங்கையில் ஒரு முத்திரை குத்தினார். பழைய பழக்கத்தில் நீல மையா கறுப்பு மையா என்று கேட்டார். "நீலம்," என்று ஓடிக்கொண்டே சொன்னேன்.

பஸ் கிளம்பியிருந்தது. நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து ஏறினேன். படிக்கட்டில் யாரும் இல்லை. கம்பியில் மாம்பழ நிற நூல் ஒன்று மட்டும் கட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணுங்களா?" என்றார் கண்டக்டர். "போன ஸ்டாப்லயே இறங்கிடுச்சே. மேடம் கேட்டாங்க, எறங்கறேன்னு சொல்லுச்சு, ஏழு எண்ணினாங்க, எறங்கிடுச்சு. உங்க கடைக்குத்தான் நடந்து வருது."

"இந்த பஸ்லயே வந்திருக்கலாமே?"

"அதையேதான் நானும் கேட்டேன். இதுல வந்தா நாப்பது செகண்டுதான் கெடைக்கும், பத்தாதுன்னு சொல்லுச்சு." கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க படியில நிக்கறீங்களா, எறங்கறீங்களா? நேரம் குறிச்சுக்கணும்."

"எறங்கறேன்," என்றேன்.

அவர் ஏழு எண்ணக்கூட இல்லை. விசில் ஊதினார்.

பெட்ரோல் பங்க் எதிரே இறங்கி, வந்த வழியே நடந்தேன். ஒரு மாதம் சுற்றிய பிறகு சும்மா இருக்கும் தரை ஒத்துவரவில்லை. ஏழு அடிக்கு ஒருமுறை நின்று ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் நேராக நடக்க முடிந்தது. அப்படியே சுற்றிச் சுற்றிக் கரும்புச்சாறு வண்டி வரைக்கும் வந்தேன். எதிரே குமுதா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையை மேலே தூக்கி, இல்லாத கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்துக்கு உடம்பை வளைத்து வளைத்து நடந்தாள். எனக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு குலுக்கலோடு நின்றாள். அவள் ஓர் இடத்தில் நாற்பது விநாடிக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. யாரும் விசில் ஊதவில்லை.

"கடைக்குப் போனேன்," என்றாள். "பஸ் ஏறிப் போயிட்டார்னு முதலாளி சொன்னார்."

"காலையில நீ வேணாம்னு சொன்னது?"

"நீங்க ஏற வேணாம், நான் எறங்கறேன்னு சொன்னேன்." பிறகு, "உங்களுக்கு எது காதுல விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"நடுவுல இருந்தது மட்டும்."

"அதைக் கேட்டுட்டுமா வந்தீங்க?"

"வந்துட்டேன்."

அவள் கம்பியை விட்டுவிட்டுக் கையைக் கீழே போட்டாள். நான் ஒரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"நேத்து அஞ்சரை வண்டியில ஒரு கேள்வி கேட்டீங்களே," என்றாள்.

"ஆமா."

"சம்மதம்."

நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவள் உதட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வால் ஒன்றும் வரவில்லை. கரும்புச்சாறுக்காரர் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும். "ஏழு," என்று சொல்லிவிட்டு, இஞ்சி போடட்டுமா என்று கேட்டார்.

"போடுங்க," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சாறு குடித்துவிட்டு அன்றைக்கே குலசேகரன் ஆப்டிகல்ஸுக்குப் போனேன். கதவில் ஏறி அரைச் சுற்றில் உள்ளே இறங்கினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். "உக்காருங்க," என்றேன். உட்கார்ந்தார்கள். அப்படியே இருந்தார்கள்.

"நாளைக்கு வேலையில சேர்றேன்," என்று முதலாளியிடம் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு தம்பி?"

"ஒன்பது."

இப்போதும் பவர் எழுதிக் கொடுத்த பிறகு எனக்குச் சந்தேகம் வரும். வந்தால் அதை மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன். சாயங்காலம் பார்த்தால் அது எழுந்து போயிருக்கும். குமுதா மணிக்கூண்டு ஸ்டாப்பில் அந்த அறையையே வாடகைக்கு எடுத்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் பஸ்ஸில் சேலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பதினாறு பேர் வந்து, இடம் போதாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். வகுப்பு நடுவே அவள் சில சமயம் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். மாணவிகளும் பிடித்துக்கொள்கிறார்கள். குஞ்சம் நன்றாக வருகிறது என்று சொல்கிறார்கள்.

ஆவணி மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு பஸ்ஸில் எட்டு மணி நேரம். பெண் வீட்டார் கடலுக்கும் பத்திரிகை அனுப்பியிருந்ததால் அது முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பே வந்து, வாசலில் ஒரு விநாடிகூடத் தயங்காமல் உள்ளே நுழைந்துவிட்டது. வரவேற்பில் சந்தனம் தொட்டுக்கொண்டது. முன்வரிசை வேண்டாம், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று தானாகவே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தது. அட்சதை போடும்போது மட்டும் எழுந்து நின்றது. இரண்டாம் பந்தியில் அக்கா அதற்குப் பெரிய இலையாகப் பார்த்துப் போட்டாள். சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, இரண்டு பாயசம், எல்லாவற்றையும் நிதானமாகச் சாப்பிட்டது. உப்பு மட்டும் வேண்டாம் என்றது.